மம்சாபுரத்துக்குத் திரும்பும் வழி

சென்னையில் இரவு கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ், விடியும் நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும். சிங்கப்பூரிலும் துபாயிலும் பல வருடம் உழைத்தவர்கள், லீவுக்கு இங்கே வந்து இறங்குவது உண்டு. ஆண்டாள் கோயிலின் 11 நிலை கோபுரம் தெரிந்தாலே பாதி ஊர் வந்த மாதிரி. ராஜபாளையம் போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துத் திரும்பினால் மம்சாபுரம்.

அங்கே காத்திருப்பவர்கள் கூடப் படித்தவர்கள். ஒருவர் ராஜபாளையம் நூற்பாலைக்கு ஷிப்ட் போகிறவர், இன்னொருவர் விவசாயி. “டேய், எப்படா வந்தே?” என்று பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது.

டீ ஆறுவதற்குள் பழைய கதை முடிந்துவிடும். பிறகுதான் மெதுவாகத் தெரியவரும்: போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சு வாங்கியபோது ஆட்டோ பிடித்து ஓடியது யார், விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தது யார் என்று. பணம் அனுப்பியது மகன். பக்கத்தில் இருந்தது கூடப் படித்தவன்.

கொண்டுவந்த சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் அப்போது சின்னதாகத் தோன்றும். நண்பர்களோ அதைக் கணக்கில் வைப்பதே இல்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, “அம்மாவை நாங்க பார்த்துக்கிறோம், போயிட்டு வாடா” என்பார்கள்.