பதினெட்டு கிராம்

ஆரணி. பட்டு முதலாளி வீட்டுக் கூடம். பாய். சாய்வு மேசை. மேசைமேல் எலக்ட்ரானிக் தராசு, கால்குலேட்டர், நீள நோட்டு. சுவரில் பழைய பித்தளைத் தட்டுத் தராசு. அதன் ஒரு தட்டில் சாவிக்கொத்து.

மாசி மாதம். மதியம் பன்னிரண்டரை. தெரு காய்கிறது.

முதலாளி சுவிட்சைப் போடுகிறார். தராசு 9 என்கிறது. 8. 7. பாயில் ஐந்து நெசவாளர்கள். ஐவரும் பார்க்கிறார்கள். 0 வந்ததும் ஒருவர் கால் மாற்றி உட்காருகிறார்.

தராசுக்கு இரண்டு முகம். முதலாளி பக்கம் ஒன்று, நெசவாளர் பக்கம் ஒன்று. நெசவாளர் பக்கத்து முகத்தில் ஜவுளிக்கடைக் காலண்டர் சாய்ந்திருக்கிறது. காலண்டரில் லட்சுமி. கையிலிருந்து காசு கொட்டுகிறது. தராசின் விலாவில் தொழிலாளர் துறையின் முத்திரை. வருடம் புதிது.

முதல் நெசவாளர் சரிகை கேட்கிறார். "அரை மார்க்" என்கிறார். தராசுக்கு மார்க் தெரியாது. கிராம்தான். முதலாளி ரீலை வைக்கிறார், எடுக்கிறார், வேறொன்றை வைக்கிறார். எண் ஏறி, இறங்கி, நிற்கிறது. நெசவாளர் ரீலை வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறார். பிறகே பையில் போடுகிறார்.

அடுத்தவர் பெரியவர். வேட்டித் துணியில் சுற்றிய புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. மூன்று புடவைப் பாவில் இது கடைசி. மிச்சப் பட்டு தனிப் பொட்டலம். தார்க்குச்சியில் ஒட்டியிருந்த நூலும் அதில் உண்டு.

தட்டில் காகிதம். முதலாளி ஒரு பொத்தானை அழுத்துகிறார். காகிதத்தின் எடை காணாமல் போகிறது. 0.000. புடவையும் பொட்டலமும் ஏறுகின்றன. 0.742.

நோட்டில் 0.760. சேதாரம் கழித்த கணக்கு.

"பதினெட்டு இடிக்குதேண்ணே."

"கார்த்திகையில குடுத்த பட்டு, முதலாளி. அன்னிக்கு மழை."

பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். வெயிலில் கக்கும். உலக வணிகத்தில் உலர்ந்த பட்டின்மேல் நூற்றுக்கு 11 பங்கு ஈரம் சேர்த்துத்தான் எடைக் கணக்கு. பிரான்சின் லியோன் நகரில் இதை அளப்பதற்கென்றே 1805-இல் ஒரு நிலையம் வந்துவிட்டது. சாய்வு மேசையில் அதற்குப் பொத்தான் இல்லை.

கால்குலேட்டரில் 5-உம் 0-உம் அழிந்திருக்கின்றன. விரலுக்கு இடம் தெரியும். 18. பெருக்கல். 7. சமன். 126. நோட்டில் 130 என்று விழுகிறது.

பெரியவர் காலண்டரைப் பார்க்கிறார்.

கூலிக்குப் போன். எவ்வளவு என்று கேட்கிறது. முதலாளி தட்டுகிறார். ரகசிய எண் கேட்கிறது. இடது கையால் மறைத்துக்கொள்கிறார். பெரியவரின் சட்டைப் பையில் பட்டன் போன் ஒருமுறை சிணுங்குகிறது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. மேல்துண்டை மட்டும் சரி செய்கிறார்.

புடவை மடிப்பு கலைகிறது. முதலாளி முந்தானையை வெளிச்சத்தில் பிடிக்கிறார். கோர்வை இணைப்பில் நகத்தை ஓட்டுகிறார். நகம் எங்கும் தட்டவில்லை. இதை நோட்டில் எழுத வரி இல்லை.

அடுத்த பாவுக்கு ஊடைப் பட்டு வேண்டும். அலமாரியில் மாம்பழ நிறக் கட்டு. வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழுந்திருக்கிறது. தொட்டால் மொரமொரக்கும்.

"இப்பவே போட்டுக் குடுத்துடுங்க முதலாளி."

முதலாளி கட்டைத் தொடுகிறார். ஜன்னலைப் பார்க்கிறார். மீதி நான்கு பேரையும் பார்க்கிறார். மூவர் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் இப்பவே வேண்டுமாம்.

தலைக்கு மேல் மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி ஓய்கிறது.

"கரண்ட் போச்சு. காலையில ஆறு மணிக்கு வந்து எடை போட்டு வாங்கிக்குங்க."

மாசியில் ஆறு மணிக்குத் தெருவில் பனி இறங்கியிருக்கும்.

தராசில் 0.000 எரிகிறது. பக்கத்தில் பேட்டரி விளக்கு, பச்சை.