தம்பி சுற்றிய சைக்கிளும் நான் கற்ற ஆங்கிலமும்



ஆங்கிலம் படிக்க வசதியில்லை என்று உங்களுள் சிலர் சொல்வதுண்டு. வேறு சிலரிடம் கைத்தொலைபேசியும் இணைய வசதியும் இருக்கின்றன. ஆயினும் நான்கு வார்த்தை பேச நாக்கு எழுவதில்லை. இரு சாராருக்கும் பயன்படும் என்று எண்ணி, என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் 1993 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதியவன். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி வாங்கவும் முடியாது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. வானொலி கேட்க மட்டும் ஊரார் ஒரு வழி கண்டிருந்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் மின்சாரம் பிறக்கும். அதன் வயரை வானொலியுடன் தொடுத்தால் வானொலி பேசும். சுற்றுவது நின்றால் அதுவும் நின்றுவிடும்.

'அமெரிக்காவின் குரல்' வானொலியில் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்றொரு நிகழ்ச்சி இருப்பதாக எங்கள் ஆங்கில ஆசிரியர் சொன்னார். ஆங்கிலம் கற்போருக்காக 1959 இல் தொடங்கப்பட்ட நிகழ்ச்சி அது. ஏறத்தாழ 1500 சொற்களுக்குள், சிறுசிறு வாக்கியங்களாக, வழமையான செய்தியைவிட மெதுவாக வாசிப்பார்கள். இரவில் சிற்றலையில் அதைத் தேடிப் பிடிப்போம். என்னைவிட இரண்டு வயது இளைய தம்பி சைக்கிளைச் சுற்றுவான். நான் கொப்பியும் பேனையுமாக இருந்து, காதில் விழும் சொற்களை எழுதுவேன்.

தம்பி சும்மா சுற்றுவதில்லை. வானொலி சொல்வதைத் தானும் அதே இராகத்தில் சொல்லிக்கொண்டே சுற்றுவான். எனக்கு எரிச்சல் வரும். "வாயை மூடிக்கொண்டு சுற்றடா" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

பரீட்சையில் எனக்கு ஆங்கிலத்தில் திறமைச் சித்தி கிடைத்தது. பின்னர் தம்பிக்குச் சாதாரண சித்திதான். வீட்டில் எனக்கே பாராட்டு.

1998 இல் கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேள்வி நன்றாக விளங்கியது. எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். வாயிலிருந்து என் பெயர் மட்டுமே வந்தது. வேலை கிடைக்கவில்லை. அதே மாதம் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஊருக்கு வந்த வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களுக்குத் தம்பி மொழிபெயர்த்து உதவுகிறான் என்று எழுதியிருந்தார்.

ஊருக்குப் போனபோது, எப்படிப் பேசப் பழகினாய் என்று அவனிடம் கேட்டேன். "அண்ணா, உங்களுக்குக் கையில் எழுத்து வேலை. எனக்குக் கையில் சைக்கிள் வேலை. வாய்தானே சும்மா இருந்தது" என்றான்.

மாணவர்களே, அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. கருவி ஒன்றுதான். நிகழ்ச்சியும் ஒன்றுதான். நான் காதையும் கையையும் பழக்கினேன். தம்பி காதையும் நாவையும் பழக்கினான். எதைப் பழக்கினோமோ அதுவே எங்களுக்கு வந்தது.

பின்பு பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கி, நான் வாசிப்பதைப் பதிந்து கேட்டேன். வெட்கமாக இருந்தது. குடிக்கும் கோப்பிக்கும் பிரதிக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் என் வாயில் ஒன்றாகவே ஒலித்தன. 'எஃப்' ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். நானோ இரு உதடுகளையும் மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கருவிதான் சொன்னது.

இன்று வானொலியும் ஒலிப்பதிவுக் கருவியும் அகராதியும் ஒரே கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றன. அதைப் பின்வருமாறு பயன்படுத்திப் பாருங்கள்.

1. ஆங்கிலச் செய்தியோ கதையோ இரண்டு நிமிட அளவில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் கேளுங்கள். எங்கள் வானொலி ஒருமுறைதான் சொல்லும்; அதனால் உற்றுக் கேட்டோம். திரும்பக் கேட்கலாம் என்ற நினைப்பு கவனத்தைக் குறைத்துவிடும்.

2. இரண்டாம் தடவை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, கேட்டதை எழுதுங்கள். பின்னர் ஒப்பிட்டுப் பிழை திருத்துங்கள்.

3. மூன்றாம் தடவை உரத்துச் சொல்லுங்கள். உங்கள் குரலைப் பதிந்து, மூலத்துடன் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

4. புதிய சொல்லுக்கு முதலில் பொருளை ஊகியுங்கள்; அதன் பிறகே அகராதியைத் திறவுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டுரையைத் தமிழில் எழுதிவிட்டு, ஆங்கிலமாக்கும்படி கருவியிடம் கொடுக்கும் பழக்கம் இப்போது பெருகியுள்ளது. "அவனுக்குக் கை நீளம்" என்றால் திருடுவான் என்பது நமக்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நீண்ட கையுடைய ஒருவன்தான் வருவான். அதைப் பிழையென்று கண்டுபிடிக்கவும் உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கருவி சரியாகவே எழுதித் தந்தாலும் பழகியது கருவியேயன்றி நீங்கள் அல்ல. பரீட்சை மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி வராது. நேர்முகப் பரீட்சையில் உங்களுக்காக அது பேசவும் மாட்டாது.

கைத்தொலைபேசி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டிலுள்ள வானொலியும், சேர்ந்து பேச ஒரு நண்பனும் போதும். அன்று டைனமோவைச் சுற்ற ஒரு கை வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் இல்லை. ஆனால் நாவைச் சுழற்றும் வேலை இன்றும் உங்களுடையதே. இன்றிரவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருந்து யாராவது ஏசினாலும் வாயை மூடாதீர்கள்.