கை நீட்டினால் போதும்

தேயிலைத் தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு நிறுவைத் தராசும் கணக்குப் புத்தகமுமே பழக்கம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாகக் கம்போங் ராஜாவுக்கு வந்த சிநேகிதர் மூவர் விடாது வற்புறுத்தவே, தெற்கே கியா பார்ம் பக்கமுள்ள வண்ணத்துப்பூச்சிப் பண்ணையொன்றுக்குச் சென்றோம்.

கருஞ்சிறகில் பச்சை முக்கோணங்கள் வரிசையாய் மின்னும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி முதலில் எதிர்ப்பட்டது. சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜாவின் பெயரை 1855 இல் வாலஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அதற்குச் சூட்டினார். ராஜா பட்டத்தைப்பற்றி அதற்கென்ன கவலை? வியர்த்திருந்த என் மணிக்கட்டில் இறங்கி உப்பை உறிஞ்சலாயிற்று.

பின்னர்க் காப்பாளர் ஓர் இலைப்பூச்சியை என் உள்ளங்கையில் விட்டார். இலை நரம்பும், ஓரத்துப் பழுப்பும் அப்படியே! கூடையில் கிடந்தால் கொழுந்தென்றே நிறுத்து எழுதியிருப்பேன்.

சிநேகிதரொருவர் குச்சிப்பூச்சியொன்றை இரு விரலால் இடுக்கினார். கால் ஒன்று கழன்று விரலிலேயே தங்கிவிட்டது. "பிடித்தால் காலை விட்டுத் தப்பும். குஞ்சாயிருந்தால் தோலுரிக்கையில் மறுபடி முளைக்கும். இது வளர்ந்தது, இனி முளையாது. கையை நீட்டுங்கள், அதுவே ஏறும்" என்றார் காப்பாளர்.

தேளைக் கண்டால் செருப்பைத் தேடும் நம்மவர் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து அச்சம் தெளிவது நன்றே. ஆயினும் படம் பிடிப்பதற்காக ஒரே தேளை வரிசையில் நின்றோரெல்லாம் கைமாற்றியது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ஞாயிறு வேறு.

சிநேகிதர் மற்றொரு குச்சிப்பூச்சியின் முன் கையை நீட்டிக் காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அது நிதானமாக ஏறி, அவர் முழங்கைவரை நடந்தது.