அதுக்கு முன்னாடி என்ன?



ரெண்டாம் வகுப்பு படிக்கிற என் பேத்தி லீவுக்கு ஒகேனக்கல் போய் வந்ததை நேற்று போனில் சொன்னாள். "பரிசல் சுத்துச்சு பாட்டி, நான் அழுதேன், மீன் சாப்பிட்டோம், பஸ்ல வாந்தி எடுத்துட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். வாந்தி போகும்போதா, வரும்போதா? தெரியவில்லை. பின்னால் இருந்து அவள் அம்மா, "மொதல்ல இருந்து ஒழுங்கா சொல்லுடி" என்றாள். அவ்வளவுதான், பேத்தி போனைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1986ல் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து பல வருடம் நானும் வகுப்பில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவன் ஒரு ரெண்டாம் வகுப்புப் பையன். 1990களின் கடைசி. பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். வரிசையாகச் சொல்லப் பழக்குவதற்குப் பொங்கலைவிட நல்ல பாடம் கிடையாது. போகி, பெரும்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாளும் தானாகவே வரிசையில் நிற்கும். காப்புக் கட்டியது, பொங்கல் வைத்தது, மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்தது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அவன் முறை வந்தது. எழுந்து நின்று, "எங்கப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிட்டாங்க" என்றான்.

"அது கடைசிடா. மொதல்ல போகி சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். மறுபடியும், "பஸ் ஏறிட்டாங்க டீச்சர்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உட்கார்ந்தவன் அந்த வாரம் முழுக்க வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்கினான்.

அவனுடைய பாட்டி ஒரு நாள் பள்ளிக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. போகி ராத்திரி வந்து, காணும் பொங்கல் காலையில் கிளம்பிவிட்டார்கள். நம் மாவட்டத்தில் இது புதிதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூர் போகிற பஸ்களில் பண்டிகை முடிந்த மறுநாள் நிற்க இடம் இருக்காது. ஊரில் பாட்டி, தாத்தாவிடம் வளர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேராவது இருந்தார்கள்.

அவனுக்கு வரிசை தெரியாமல் இல்லை. எது பெரிதோ அதை முதலில் சொன்னான். பேத்திக்குப் பரிசல் சுற்றியது எப்படியோ, அவனுக்கு அந்த பஸ் அப்படி. நான்தான் பெரிதை ஓரமாக வைத்துவிட்டுச் சிறியதில் இருந்து ஆரம்பி என்று கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, கை நிறையப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கொட்டையைத் தரையில் வைத்து, "இது பஸ். அதுக்கு முன்னாடி என்ன?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தான். "அப்பா என்னைத் தூக்குனாரு." பஸ்ஸுக்கு இடது பக்கம் ஒரு கொட்டை. "அதுக்கு முன்னாடி?" "அம்மா பையில முறுக்கு கட்டுச்சு." இன்னொரு கொட்டை. இப்படியே பின்னோக்கிப் போனோம். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்தது, பொங்கல் பானை பொங்கியது, புதுச் சட்டை பெரிதாக இருந்தது. கடைசியில், "நான் தூங்கிட்டிருந்தேன். கண்ணு முழிச்சா பக்கத்துல அம்மா படுத்திருந்துச்சு" என்றான். மொத்தம் ஏழு கொட்டை.

"இப்ப இந்தப் பக்கத்துல இருந்து தொட்டுத் தொட்டுச் சொல்லு" என்றேன். கண் விழித்ததில் இருந்து பஸ் வரைக்கும் தடுமாறாமல் சொன்னான். சொல்லி முடித்து பஸ் கொட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையில் இருந்து ஒரு கொட்டையை எடுத்து அதற்கு வலது பக்கம் வைத்தான்.

"இது என்னடா?"

"மாரியம்மன் பண்டிகைக்கு வருவாங்க டீச்சர்."

ஒரு வாரமாக அவனுக்குள் அந்த பஸ் ஒன்றுதான் இருந்தது. இப்போது அதற்கு முன்னால் ஆறு, பின்னால் ஒன்று. வரிசை எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு என் வகுப்பில் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். இளம் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று சொல்கிறேன்.

பிள்ளை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேயே ஆரம்பிக்க விடுங்கள். அதுதான் நடுக்கொட்டை. அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் கேளுங்கள். "அப்புறம் என்ன?" என்ற கேள்வி சுலபம். "அதுக்கு முன்னாடி என்ன?" கஷ்டம், அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். முதலில் மூன்று கொட்டை போதும். பழகிய பிறகு ஐந்து, ஏழு.

நம் தமிழே இதற்குப் பாதி வேலை செய்துகொடுக்கிறது. "போய், இறங்கி, குளிச்சு, சாப்பிட்டு வந்தோம்" என்றால் வரிசை அந்த வினையெச்சத்துக்குள்ளேயே இருக்கிறது. "குளிச்சுட்டுச் சாப்பிட்டேன்" என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் "சாப்பிட்டுட்டுக் குளிச்சேன்" என்று எழுதுவேன். "பல் விளக்கிட்டுத் தூங்குனேன்", "தூங்கிட்டுப் பல் விளக்குனேன்" என்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனால் வித்தியாசம் பிடிபட்டுவிடும். முதலில், பிறகு, கடைசியில் என்ற வார்த்தைகளை அதற்கு அப்புறம் கொடுத்தால் போதும்.

2007-08ல் செயல்வழிக் கற்றல் வந்து, அட்டைகளும் ஏணிப்படியும் வகுப்புக்குள் வந்தபோதும் புளியங்கொட்டை டப்பா என் மேசையில் இருந்தது. 2018ல் ஓய்வு பெற்ற அன்று அதை அடுத்து வந்த ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. "லீவுக்கு எங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். எங்கேயும் போகாத பிள்ளைகள் தலைகுனிந்துகொள்ளும். "லீவுல ஒரு நாள் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். ஆடு குட்டி போட்டதும் கதைதான்.

இன்று சாயங்காலம் பேத்திக்கு போன் செய்யப் போகிறேன். பரிசல் சுற்றுவதற்கு முன்னாடி என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.