வேலை முடியுமுன் சொன்ன "சரி"



நான் சில இரத்தப் பரிசோதனைக் கூடங்களின் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன். என் பிழையால் ஓர் இரவு பலருக்குப் போய்ச் சேராமற்போன செய்திகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தொழிற்பாடம் உண்டு. மற்றவர்களுக்கும் வீட்டளவில் பயன்படக்கூடிய ஒன்று இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

ஒருவரின் பரிசோதனை முடிவு உறுதியானதும் அது மருத்துவருக்கும், நோயாளியின் கைப்பேசிக்கும், கணக்குப் பிரிவுக்கும் செல்ல வேண்டும். முன்பு ஒரே நிரல் இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் சற்றுத் தாமதித்தாலும் ஏனைய வேலைகள் காத்துக் கிடந்தன. ஆகவே செய்தித் தரகர் எனப்படும் மென்பொருளை நாடினேன். தரகர் என்றதும் நிலத் தரகரும் கல்யாணத் தரகரும் நினைவுக்கு வரலாம். இதுவும் இருவருக்கு நடுவே நிற்பதுதான். ஒரு நிரல் தரும் செய்தியை வாங்கி வரிசையில் வைத்திருந்து, பெற வேண்டிய நிரல் ஆயத்தமானதும் அதனிடம் ஒப்படைக்கும்.

நான் தேர்ந்துகொண்டது ரேபிட்எம்கியூ. 2007ஆம் ஆண்டு வெளிவந்த இம்மென்பொருள், தொலைபேசி இணைப்பகங்களை மனத்தில் கொண்டு எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. அது பேசும் ஏஎம்கியூபி என்ற நெறிமுறை, 2003இல் ஜேபி மோர்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா தொடங்கிய முயற்சியில் பிறந்தது. வங்கியில் ஒரு செய்தி தொலைவது பணம் தொலைவதற்கு ஒப்பாகும்.

நிறுவுவது கடினமாக இல்லை. ஒரு பிற்பகலில் முடிந்தது. உடன் வரும் 'கெஸ்ட்' என்ற பொதுக் கணக்கை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்தேன். வரிசையையும் செய்திகளையும் வட்டில் எழுதிவைக்குமாறு குறித்தேன். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தேன். செய்திகள் வைத்தபடியே இருந்தன. மனம் நிறைந்தது.

ஆனால் ஒப்புதல் என்ற ஒன்றை அலட்சியமாக விட்டுவிட்டேன். தரகர் ஒரு செய்தியைக் கொடுத்தபின், பெற்றுக்கொண்ட நிரல் "ஆயிற்று" என்று சொல்ல வேண்டும். அதுவரை தரகர் அச்செய்தியை அழிக்காது. பெற்ற நிரல் இடையில் செயலிழந்தால் அதே செய்தியை மீண்டும் வரிசையில் சேர்க்கும். இதற்கு மாற்றாகத் தானியங்கி ஒப்புதல் என்றொரு முறையும் உண்டு. அதில் செய்தியை அனுப்பிய கணமே கடமை தீர்ந்ததாகக் கொண்டு தரகர் அதை அழித்துவிடும். நான் இதையே வைத்தேன். வேகமாக இருந்தது, சோதனையிலும் குறையொன்றும் தென்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை மஃக்ரிபுக்குப் பின் குறுஞ்செய்தி நிறுவனத்தின் சேவை மந்தமாயிற்று. என் நிரலால் அனுப்ப முடிந்ததோ சில செய்திகள் மட்டுமே. தரகரோ வந்தவை அனைத்தையும் அதன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரே நேரத்தில் இத்தனைதான் தர வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். ஆயினும் தானியங்கி ஒப்புதலில் அந்த வரம்பு செல்லாது. நினைவகம் நிரம்பி, இயங்குதளம் என் நிரலைக் கொன்று மீண்டும் தொடங்கியது. அதன் கையில் இருந்த செய்திகள் அதனுடனேயே மறைந்தன.

இரவு பத்து மணிக்கு மேலாண்மைத் திரையைப் பார்த்தேன். வரிசையில் இருப்பவை: பூஜ்யம். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று கொண்டேன். அந்நேரம் உம்மா, "வாப்பா, எனக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு" என்றார்கள். திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே "சரி உம்மா" என்றேன்.

மறுநாள் காலை கூடத்தின் முகப்பில் கூட்டம் நின்றது. எண்ணிப் பார்த்ததில் 214 பேருக்கு முடிவு போகவில்லை. உயிருக்கு ஆபத்தான அளவுகள் தெரிந்தால் ஊழியர்களே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதனால் பெருந்தீங்கு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அங்கே ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். மனைவியின் சிறுநீரகப் பரிசோதனை முடிவுக்காக இரவெல்லாம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உறங்காமல் இருந்தாராம். "செய்தி வரலேன்னதும் ரொம்ப மோசமோன்னு பயந்துட்டேன் தம்பி" என்றார். முடிவு நன்றாகவே இருந்தது. அவருக்கு என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

மேலாளர் கேட்டார்: "குறுஞ்செய்தி நிறுவனத்தின் கோளாறுதானே?" ஆம் என்றால் அது முழுப் பொய்யாகாது, அவர்கள் சேவை மந்தமாக இருந்தது உண்மை. அந்தப் பாதி உண்மைக்குள் ஒளிந்துகொள்ள மனம் விரும்பியதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒருவரின் நோய்ச் செய்தி அமானிதம். அதைத் தொலைத்தது நான் செய்த அமைப்பு. "அவர்கள் தாமதித்தார்கள். தொலைத்தது நான்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முதலில் 214 பேருக்கும் அனுப்புங்கள். அதன்பின் இது மீண்டும் நேராதபடி செய்யுங்கள்" என்றார்.

முடிவுகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தமையால் நண்பகலுக்குள் அனுப்பி முடித்தோம். பிறகு ஒப்புதலை மாற்றினேன். குறுஞ்செய்தி நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கான எண் பதிவான பிறகே என் நிரல் "ஆயிற்று" என்று சொல்லும். ஒரே நேரத்தில் 20 செய்திகளுக்கு மேல் அதன் கையில் இராது. தரகர் செய்தியைப் பெற்றுப் பத்திரப்படுத்தியதை அனுப்பும் நிரலுக்கு உறுதிசெய்யும் வசதியையும் இயக்கினேன். பலமுறை முயன்றும் போகாதவை தனி வரிசைக்குச் செல்லும். அதைக் காலையும் மாலையும் ஒருவர் பார்ப்பார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அனுப்பிய பின், ஒப்புதல் சொல்லுமுன் நிரல் நின்றுபோனால் அதே செய்தி இருமுறை வரும். ஆகவே ஒவ்வொரு முடிவின் எண்ணையும் குறித்துவைத்து, ஏற்கெனவே போனதா என்று நிரல் சரிபார்க்கிறது. திரையின் பூஜ்யத்தை நான் இப்போது நம்புவதில்லை. உறுதியான முடிவுகள் எத்தனை, போய்ச் சேர்ந்த குறுஞ்செய்திகள் எத்தனை என்று இரண்டையும் ஒப்பிடும் கணக்கு இரவுதோறும் வருகிறது. வரிசை காலியாக இருப்பது வேறு, வேலை முடிந்திருப்பது வேறு.

அன்று மாலை களைத்து வீடு திரும்பினேன். உம்மாவின் மாத்திரைப் பெட்டி காலியாக இருந்தது. நான் மறந்ததைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, "வேலை அதிகமோ வாப்பா?" என்றுதான் கேட்டார்கள். சட்டையைக்கூட மாற்றாமல் மருந்துக்கடைக்கு ஓடினேன்.

இப்போதெல்லாம் உம்மா ஏதேனும் சொன்னால், "வாங்கி வந்துட்டுச் சரி சொல்றேன் உம்மா" என்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "அதுவரைக்கும் நான் சொல்லிக்கிட்டே இருக்கணுமாக்கும்" என்கிறார்கள்.

ஆமாம், அப்படித்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.