தாள் தொகுத்த தகையாளர்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்று திருவாமாத்தூர். விழுப்புரத்திற்கு அருகே பம்பையாற்றங்கரையில் அமைந்த இவ்வூர், தேவார மூவரும் பாடிய பெருமையுடையது. இரட்டைப் புலவர் பாடிய கலம்பகமும் பெற்றது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் இங்கே மடம் அமைத்து வாழ்ந்து, 1898-ஆம் ஆண்டில் நிறைவெய்தினார். சந்தப் பாக்களில் வல்லவரான அப்பெரியார் ஓர் இலக்கம் பாடல்கள் பாடினார் என்பர். அவற்றுள் ஏறத்தாழப் பாதியே இன்று கிடைக்கின்றன என்றும் கூறுவர்.

எஞ்சிய பாதி எங்கே? கறையான் அரித்ததோ, வெள்ளம் கொண்டதோ, அறியார் கைப்பட்டு அடுப்பில் எரிந்ததோ, யார் சொல்ல வல்லார்? பாடியவர் புலமை குறைந்தமையால் அவை மறையவில்லை. காப்பவர் கைக்கு எட்டாமையாலேயே மறைந்தன. பாடுவோர்க்குப் புகழ் உண்டு. பதிப்போர்க்கும் புகழ் உண்டு. இவ்விருவர்க்கும் இடையே நின்று காப்போர்க்கோ பெரும்பாலும் பெயரும் இருப்பதில்லை.

மதிப்புடைய பாடல்களுக்கே இந்நிலை எனின், மதிப்பற்றவையாகக் கருதப்படும் சிறு தாள்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊர்த் திருவிழாவில் ஒருவர் துண்டு அறிக்கை வழங்குகின்றார். அதனைப் பெற்ற சிறுவன் கப்பல் செய்து விளையாடுகின்றான்; கடைக்காரர் அதில் சுண்டல் மடித்துக் கொடுக்கின்றார்; மாலைக்குள் அது மண்ணில் மிதிபடுகின்றது. அவ்வாண்டு என்ன நாடகம் நடைபெற்றது, நாயனம் வாசித்தவர் யார், நுழைவுக் கட்டணம் எத்தனை அணா என்னும் செய்திகள் அத்தாளில் இருந்தன. பேரரசர் போர்களை எழுதும் வரலாற்றாசிரியர் இவற்றைக் குறிப்பதில்லை. ஆயினும், எளிய மக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதற்கு இத்தகைய தாள்களே நேர்ச் சான்றுகள்.

இவ்வுண்மையை உணர்ந்து வாழ்ந்தவர், காரைக்குடிக்கு அண்மையில் உள்ள கோட்டையூரினரான முத்தையா. ஓவியத்தில் ஈடுபாடு கொண்ட அவர், சென்னையில் ‘ரோஜா ஆர்ட்ஸ்’ என்னும் பெயரில் விளம்பரப் பலகை எழுதும் கடை நடத்தினார். கடையின் பெயரே அவர் பெயரோடு ஒட்டி, ரோஜா முத்தையா என்று உலகம் அவரை அறியலாயிற்று. பலகை எழுதுவோர்க்கு எழுத்தின் வடிவே உயிர். பழைய இதழ்களின் தலைப்பெழுத்தும் படமும் அத்தொழிலுக்கு விருந்தாவன. சென்னையில் பழைய நூல்கள் குவிந்து கிடந்த இடம் மூர் மார்க்கெட். அங்கே நூல் தேடத் தொடங்கியவர், நாளடைவில் தேடுதலையே வாழ்வாகக் கொண்டார்.

அவர் திரட்டியவை அரிய நூல்கள் மட்டும் அல்ல. நாடக அறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், மடல்கள், பழைய இதழ்கள் எனப் பிறர் குப்பையென ஒதுக்கியவற்றையும் அவர் விரும்பி ஏற்றார். பொன் தேடுவோரை உலகம் போற்றும். பழந்தாள் தேடுவோரைக் கண்டால் நகைக்கும். அந்நகைப்பைப் பொருட்படுத்தாமல் பல்லாண்டுகள் உழைத்தார். அத்தொகுப்பைப் பின்னர்க் கோட்டையூர் இல்லத்தில் வைத்துப் பேணினார். ஆராய்ச்சியாளர் பலர் அவ்வில்லம் நாடி வந்து பயன்பெற்றனர். ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளாகப் பெருகிய அக்கருவூலம், பூட்டி வைத்த புதையலாக இல்லாமல் ஊருணி நீராக விளங்கியது.

1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தொகுத்தவர் மறைந்தபின் தொகுப்பின் நிலை என்ன? இவ்வினாவின் முன்னே பல அரிய தொகுப்புகள் சிதறியுள்ளன. ஒரு நூல் ஒருவரிடமும் மற்றொரு நூல் வேறொருவரிடமும் சென்றுவிடின், தனித்தனி நூல்கள் இருக்கலாம். அவை ஒன்றுகூடிச் சொன்ன செய்தி இராது. நற்காலமாக அத்தொகுப்புச் சிதறவில்லை. அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைகொடுத்துப் பெற்றது. ஆயினும் கடல் கடந்து எடுத்துச் செல்லவில்லை. 1994-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றது. தரமணியில் இயங்கும் அந்நூலகம், நுண்படச் சுருள்களிலும் கணினியிலும் படியெடுத்துப் பழந்தாள்களுக்கு மறுவாழ்வு அளித்து வருகின்றது. மூர் மார்க்கெட்டோ 1985-ஆம் ஆண்டிலேயே தீக்கு இரையாயிற்று. முத்தையாவின் கைபட்டுக் கோட்டையூர் சேர்ந்தவை பிழைத்தன.

பழமைக்கு மட்டுமன்று, புதுமைக்கும் இத்தகைய காவலர் வேண்டும். இன்னும் கூறப்புகின், புதுமைக்கே மிகுதியாக வேண்டும். பழமையை மக்கள் மதிக்கக் கற்றுள்ளனர். புதுமையோ தோன்றும் நாளில் எவருக்கும் விளங்குவதில்லை. உருசிய நாட்டில் 1910-ஆம் ஆண்டில் சில இளங்கவிஞர் தம் நூலொன்றைச் சுவரில் ஒட்டும் மலிவான பூத்தாளின் பின்புறத்தில் அச்சிட்டனர். அந்நாளைய கற்றோர்க்கு அது பித்தர் செயலாகத் தோன்றியிருத்தல் கூடும். இன்றோ உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்நூலின் படியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றன.

தமிழ்நாட்டிலும் அத்தகைய காலம் ஒன்று உண்டு. 1959-ஆம் ஆண்டில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார். பின்னர் 1968-இல் ‘நடை’யும், 1970-இல் ‘கசடதபற’வும் வெளிவந்தன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற ஆதிமூலம் போன்ற இளம் ஓவியர்கள் இத்தகைய சிற்றிதழ்களுக்குப் புதுமுறைக் கோட்டோவியங்கள் வரைந்தனர். குறைந்த படிகளே அச்சாயின, விளம்பரம் இல்லை, வருவாய் இல்லை, சில ஆண்டுகளில் இதழ்கள் நின்றன. பழைய தாள் வாங்குவோர் தராசில் ஏற்றினால், ‘கசடதபற’வும் கணக்கேடும் ஒரே விலைதான். தராசு எடையை அறியும், அருமையை அறியாது. அன்று எவரோ ஒருவர் அவ்விதழ்களைத் தம் பெட்டியில் எடுத்து வைத்தமையாலேயே, தமிழ்ப் புதுக்கவிதையும் புதிய ஓவியமும் கைகோத்து நடந்த வரலாற்றை இன்று எழுத முடிகின்றது.

காத்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள புளிப்புத்தன்மை நாளடைவில் அதனைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். வெயிலும் ஈரமும் பூச்சியும் அவ்வழிவை விரைவுபடுத்தும். ஆதலால் தாளை மடிக்காமல் சமமாக வைத்தல் வேண்டும், குண்டூசி குத்தலாகாது, கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டலாகாது. எங்கே, எந்நாளில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் நன்று. இடமும் காலமும் அறியப்படாத தாள், பெயர் அறியப்படாத அகதிபோல் மௌனமாக நிற்கும்.

இதனால், கண்ட தாளையெல்லாம் வீட்டில் குவிக்க வேண்டும் என்பது கருத்தன்று. தொகுப்பு வேறு, குவியல் வேறு. தனக்கே வேண்டும் என்று மறைத்து வைப்பவன் குவிக்கின்றான்; பின்வருவோர்க்குப் பயன்பட வேண்டும் என்று முறைப்படுத்தி வைப்பவனே தொகுக்கின்றான். எது நாளை சிறக்கும் என்பதை இன்று எவரும் அறியார். அறியாத நிலையிலும் ஆர்வத்தோடு காத்தலே தொகுப்பாளரின் தனிப்பெரும் தொண்டு.

திருவாமாத்தூர்த் திருவிழாவில் நாளையும் ஒரு துண்டு அறிக்கை வழங்கப்படும். நூறு பேர் அதனைக் கசக்கி எறிவர். எவரேனும் ஒரு மாணவர் அதனை நீவி மடிப்பு நீக்கி, நாளும் ஊரும் குறித்து, ஓர் ஏட்டினுள் வைப்பாராயின், வண்ணச்சரபரின் பாடல்களுக்கு அன்று வாய்க்காத காவல் இவ்வூர்த் தாளொன்றுக்கேனும் வாய்க்கும்.