குஷாய்குடா: இரண்டே ராத்திரியில் குளிர்காலம்

"ஸ்வெட்டர் எடுத்துட்டு வா. நம்ம ஊர் மார்கழின்னு நினைச்சுக்காதே" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். எடுத்துக்கொண்டுதான் போனேன். இறங்கியபோது அது தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை.

செர்லபள்ளியில் புது ரயில் முனையம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு, சென்னை ரயில் ஒன்று ஹைதராபாத்தின் இந்தக் கோடியிலேயே நம்மை விடியுமுன் இறக்கிவிட்டுவிடுகிறது. அங்கிருந்து குஷாய்குடா கூப்பிடு தூரம். வங்கக் கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு. இங்கே வானம் முழுக்க மேகம், லேசான தூறல். பழைய மாம்பலத்தை விட்டு வந்த மாதிரியே இல்லை. ஆட்டோக்காரரிடம் குளிரைக் கேலி செய்தேன். "மேகம் போகட்டும் சார், அப்புறம் வரும் சலி" என்றார். தமிழ்க் காதில் சளி என்று விழுந்தது. தெலுங்கில் குளிருக்கு அதுதான் பெயர்.

சார்மினாரையும் பிரியாணியையும் தேடி வருபவர்கள் குஷாய்குடாவுக்கு வருவதில்லை. இது வேலைக்குப் போகிறவர்களின் ஊர். 1967இல் இ.சி.ஐ.எல். வந்தது, பின்னாலேயே அணு எரிபொருள் வளாகம், தொழிற்பேட்டைகள், பஸ் டெப்போ. இ.சி.ஐ.எல்.லை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரில் பக்கத்திலேயே ஒரு நகர். அந்தத் தொழிற்சாலைகளை நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அக்கா வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான்.

மூன்றாம் நாள் மாலை மேகம் கலைந்தது. வடக்கிலிருந்து வறண்ட காற்று. அன்றிரவு இரண்டு முறை எழுந்து போர்வை தேடினேன். மறுநாள் இரவு போர்வையும் போதவில்லை. முதல் நாள் 19 டிகிரி காட்டிய அத்தானின் செல்போன், அந்த விடியற்காலையில் 11 காட்டியது. குழாயில் கை வைத்தால் விரல் மரத்தது. காப்ரா ஏரி இருந்த பக்கத்தில் வெள்ளைப் படலம் மட்டும் தெரிந்தது. பத்து மணிக்கு ஸ்வெட்டர் உறுத்தியது. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்விசிறியைப் போட்டார்கள்!

ஜனவரிப் பகலில் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் இரவில். சென்னைக்குக் கடல் இருக்கிறது, இரவில் அதுவே போர்வை. ஹைதராபாத் 500 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பீடபூமியில் கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேகம் இருக்கும்வரை தரையின் சூடு தங்கும். மேகம் விலகி, காற்றும் வறண்டுவிட்டால் அந்தச் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகித் தரையோடு படிகிறது. தொழிற்பேட்டைப் புகையும், சாலையோரம் எரிக்கும் குப்பையின் புகையும் மேலே எழ வழியில்லாமல் அதனுடனேயே படிகின்றன. அந்தக் காலை நேரத்தில்தான் ஷிப்டுக்கு ஆள் போகிறது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சைக்கிளிலும் பைக்கிலும் போகிறவர்களின் இருமலை மாடியில் நின்றே கேட்கலாம். மூன்று நாளில் எனக்கும் சலி, சளி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆனால் இதற்குக் குளிர் அலை என்று பெயரில்லை. வானிலைத் துறை கணக்கில், சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கவும் வேண்டும். இந்நகரின் பழைய சாதனை 1946 ஜனவரி 8 அன்று பதிவான 6.1 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 11 சாதாரணம்தான். டில்லிக்காரர் சிரிப்பார். ஆனால் உடம்பு தெர்மாமீட்டர் எண்ணைப் பார்ப்பதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. இரண்டே ராத்திரியில் எட்டு டிகிரி இறங்கினால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக் குழல் சுருங்குகிறது, வயதானவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. டில்லியில் வீட்டுக்கு வீடு ரஜாய் இருக்கிறது. இங்கே வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை.

வாட்ச்மேன் அறை எதையுமே நினைத்துக் கட்டப்பட்டதல்ல. இந்நகர அடுக்குமாடிகளில் கார் நிறுத்தும் தளத்தின் மூலையில் ஓர் அறை இருக்கும். அதில் ஒரு குடும்பம். அக்கா வீட்டு வாட்ச்மேன் மகபூப்நகர் பக்கத்துக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று பக்கமும் திறந்த தளத்தில் காற்று சுழன்று வருகிறது. அந்த 11 டிகிரி இரவில் ஒன்பது மணிக்கு அக்கா மீந்த சப்பாத்தி கொடுக்கக் கீழே போனாள். நானும் கூடப் போனேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் கம்பிகளில் சாக்கு அடைத்திருந்தது. உள்ளே பழைய பெயின்ட் டப்பாவில் கரி கனன்றுகொண்டிருந்தது. சின்னவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா சப்பாத்தியை என் கையில் திணித்துவிட்டு டப்பாவைக் கிடுக்கியால் பிடித்து வெளியே இழுத்தாள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தூங்கினவர்கள் எழுந்திருப்பதில்லை. அதை அவள் தெலுங்கில் சொன்னாள், கொஞ்சம் திட்டும் கலந்து. "புகையே இல்லையே அம்மா" என்றார் வாட்ச்மேன். குழந்தைகளை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தோம். அரை மணியில் பையன் தெளிந்தான், பிறகு நடுங்க ஆரம்பித்தான்.

அக்கா மேலே போய் இரண்டு கம்பளி கொண்டுவந்தாள். ஒன்று எனக்குக் கொடுத்தது. அன்றிரவு நான் ஸ்வெட்டரோடு படுத்தேன்.

மறுநாள் இரவு எட்டிப் பார்த்தேன். கரி டப்பா கேட்டுக்குப் பக்கத்தில், திறந்தவெளியில் இருந்தது. வாட்ச்மேன் அதன் முன் குந்தியிருந்தார். ஜன்னலில் சாக்கு மட்டும் அப்படியே இருந்தது.